பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ குடும்பக் குழுவில் போட்ட செய்தியை இந்த ஒரு கிழமையாகத் திரும்பத் திரும்ப எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். மருமகள் துளசிக்குப் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசை, உங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டில் இடமும் பார்த்தாயிற்று, இரண்டடித் தொட்டி வாங்கிக் கழுவியும் வைத்தாயிற்று, எந்த லைட் போடுவது என்றுதான் தெரியவில்லை என்று வழக்கம்போல ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். அதுவரை சரி. அதற்குக் கீழே, நான் ஏற்கெனவே ஒரு தொட்டியைச் சாகடித்தவன்தானே, எனக்கு இது சரிவராது, திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று எழுதி, பக்கத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு மூஞ்சியும் போட்டிருந்தாய். மாமா சிரித்தார், சித்தி சிரித்தார், நானும் ஏதோ ஒரு மூஞ்சியைத் தேடி அமத்திவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். தம்பி, அந்தத் தொட்டியை நீ சாகடிக்கவில்லை. உன் அம்மா நான்தான் சாகடித்தேன். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்பதும் தெரியும். எடுக்கட்டும். துளசியிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லாமல் நீயே எழுத்துக்கூட்டி வாசி.

அந்தத் தொட்டி எங்கள் வீட்டுக்கு வந்த கதை உனக்கு நினைவிருக்கும். அப்பாவோடு டண்டினொங் வெயர்ஹவுஸில் வேலை செய்த பீற்றர், ஓய்வெடுத்துக் குயின்ஸ்லாந்துக்குப் போகும்போது, ரோவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். தண்ணீர், கல், இரண்டு மீன், ஆறேழு பவளம், மேலே தொங்கும் ஒரு கறுப்பு லைட்பெட்டி. பெட்டியில் கூட்டிக் குறைக்கத் திருப்பும் இரண்டு குமிழ்கள், ஒன்று வெள்ளை வெளிச்சத்துக்கு, மற்றது நீலத்துக்கு. எதுவரை திருப்பலாம் என்பதற்கு இரண்டிலும் வெள்ளை ஒட்டுநாடா ஒட்டிப் பேனையால் கோடு போட்டுத் தந்திருந்தார். அப்பா அந்தக் கோட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நீயோ பள்ளிக்கூடத்தால் வந்து பையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குந்துவாய். எனக்கு முதல்நாளிலிருந்தே அந்தத் தொட்டியைக் கண்டால் அருவருப்பு. கல்லுக்குள் இருந்து மயிர் போல ஏதோ நெளியும். ஒரு பவளம் கொழுத்த கைவிரல்களை விரித்தது போல நிற்கும், சில நாளைக்கு மேல்தோலைச் சளி மாதிரிக் கழற்றிவிடும். நீ உறைந்த இறாலைக் கரைத்துத் தண்ணீரில் விடும்போது நாங்கள் இருந்து கதைக்கும் ஹோல் முழுக்கக் கருவாட்டு மணம் வரும். சாமியறைச் சுவருக்கு மற்றப் பக்கத்தில் இந்தக் கண்றாவியை வைத்துவிட்டார்களே என்று நான் வெள்ளிக்கிழமைகளில் முணுமுணுப்பதும், ஊரில் மீன் சந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்த நீர் இப்படிக் கதைக்காதேயும் என்று அப்பா என்னைச் சீண்டுவதும் வழக்கமாகிவிட்டது.

அந்த வருடம் கந்தசஷ்டிக்கு நான் ஆறு நாளும் பாலும் பழமும்தான். வீட்டில் வெங்காயம்கூட வெட்டவில்லை. அப்படியிருக்க, விளக்கேற்றும் இடத்துக்கு இரண்டடி தள்ளி இறால் மணம் வருவதா என்று பிடிவாதம் பிடித்தேன். ஆறு நாளைக்குத் தொட்டியை மூடு என்றேன். அப்பா பீற்றருக்குப் போன் போட்டுக் கேட்டார். சில நாள் இருட்டில் கிடந்தால் பவளம் தாங்கும், ஆறு நாள் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் திறக்கும்போது வெளிச்சத்தை மிகக் குறைத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்று அவர் சொன்னாராம். நான் பழைய படுக்கைவிரிப்பை எடுத்துத் தொட்டியை மூடி லைட்டையும் கழற்றினேன். சனங்கள் எத்தனையோ விதமாக விரதம் பிடிக்கிறார்கள். பவளத்தையும் சேர்த்து விரதம் பிடிக்கவைத்த ஒருத்தி நானாகத்தான் இருப்பேன். ஆறாம் நாள் கோயிலில் சூரன்போர் முடிந்து வந்ததும் அப்பா விரிப்பை எடுத்தார், லைட்டைக் கொளுவினார், இரண்டு குமிழையும் பீற்றரின் கோட்டிலிருந்து இன்னும் நன்றாகக் கீழே இறக்கினார். உன்னையும் என்னையும் கூப்பிட்டு வைத்து, “ஒரு கிழமைக்கு இதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. நான்தான் கூட்டுவன்” என்றார். நீ தலையாட்டினாய். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். சனிக்கிழமை. அப்பா மேலதிக வேலைக்குப் போய்விட்டார், நீ தமிழ்ப் பள்ளிக்குப் போய்விட்டாய். கோயிலில் கண்ட நாலைந்து பேரைச் சாப்பிட வரச்சொல்லியிருந்தேன். அதில் ஒருவர், புதிதாக இரண்டு மாடி வீடு கட்டிக் குடிபோயிருந்த அக்கா. அவர் யார் என்று உனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். விரதத்துக்கு முன்பு ஒருநாள் கோயிலில் சோற்று வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டில் கடலே இருக்கிறது என்று நான் அவருக்கு அளந்திருந்தேன். அந்தத் தொட்டியைக் கண்ணால் காணப் பிடிக்காதவள், வெளியில் போய் அதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன், பார். அவர் ஹோலுக்குள் வந்து, அந்த மங்கல் வெளிச்சத்தில் சுருங்கிக் கிடந்த பவளங்களைக் குனிந்து பார்த்தார்.

“என்னடி இது, குளம் மாதிரிக் கிடக்கு? இதுக்கோ உவ்வளவு கதை சொன்னனீ?”

“இல்லை அக்கா, லைட் குறைச்சுக் கிடக்கு.”

“அப்ப கூட்டன். கரன்ட் காசுக்குப் பயமோ?”

மற்றவர்கள் சிரித்தார்கள். ஆறு நாள் வயிற்றையும் மனதையும் அடக்கியவள் இந்த ஒரு சொல்லுக்கு விழுந்தேன். போய் இரண்டு குமிழையும் அவை நிற்கும்வரைக்கும் திருப்பினேன். தொட்டி பளிச்சென்று எரிந்தது. அக்கா, “ஆ, இப்பதான் வடிவாக் கிடக்கு” என்று போனில் படம் எடுத்தார். நான் சாம்பாரைச் சூடாக்கப் போனேன். அவர்கள் சாப்பிட்டார்கள், தங்கள் வீட்டுக் குசினி மாபிள் கல்லைப் பற்றிக் கதைத்தார்கள், போனார்கள். நான் பாத்திரம் கழுவினேன். குமிழை மறந்துபோனேன். மறந்தது பொய் இல்லை. அந்த ஒன்றை மட்டும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்த எதற்கும் எனக்கு அந்தச் சாட்டு இல்லை.

அன்று பின்னேரமும் ஞாயிறும் திங்களும் லைட் முழு வேகத்தில் எரிந்தது. அப்பா மூன்று நாளும், நேரத்துக்குத் தானாக அணைக்கும் ரைமர் லைட்டை நிறுத்திய பிறகுதான் வேலையால் வந்தார். செவ்வாய் அவருக்கு லீவு. பின்னேரம் நீ பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவர் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். விரல் மாதிரி இருந்த பவளம் வளைந்து தொங்கியது. பொத்தான் மாதிரி விரிபவை எல்லாம் வாயை இறுக்க மூடி, நிறம் போய், எலும்பு வெள்ளையாக இருந்தன. நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன். அங்கே பேசியது ஒவ்வொரு சொல்லாக எனக்கு இன்னும் கேட்கிறது.

“ஆர் இதில கை வைச்சது?”

“அப்பாதான் கூட்டினீங்கள் எண்டு நினைச்சன்.”

“நான் ஏன் கூட்டப்போறன்? தொடக்கூடாது எண்டு சொன்னதே நான்.”

நீ யோசித்தாய். லைட்பெட்டியில் படியும் உப்பை ஈரத்துணியால் துடைப்பது உன் வேலை. ஞாயிறு காலையும் துடைத்திருக்கிறாய். நீ அதை நினைத்து நினைத்துப் பார்த்து, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, உன்மேல் நீயே குற்றத்தைத் தேடி எடுத்தாய்.

“துடைக்கேக்க என்ர கை பட்டிருக்குமோ தெரியேல்ல அப்பா. சொறி.”

துணி பட்டு இரண்டு குமிழும் கடைசிவரை திரும்பாது. அது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தோன்றவில்லை, கோபத்தில் இருந்த மனிதருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தால் போதும். அந்த அக்காவின் முன்னால் பெருமைக்காகத் திருப்பினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. விரதகாரி என்று வீட்டில் எல்லோரும் எனக்குத் தந்திருந்த மரியாதைக்கு அன்றுதான் நாலாம் நாள். அப்பா குரலை உயர்த்தவில்லை. “உன்னை நம்பி ஒரு சாமான் தரேலாது” என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீ அறைக்குள் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாய். நான் திரும்பிப் போய்க் கறியைக் கிண்டினேன்.

இரண்டு நாளில் பவளங்கள் அழுகின, தண்ணீர் கெட்டு மீன்களும் செத்தன. நீ பள்ளிக்கூடத்தில், அப்பா வேலையில், நான்தான் அள்ளினேன். சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அந்த விரல் பவளத்தைப் பிடித்தால் அது விரல் விரலாகக் கழன்று கைக்குள் கூழாக வந்தது. அழுகிய முட்டையும் நண்டுக்கோதும் சேர்ந்த நாற்றம். பை ஓட்டையாகி அந்தச் சளி என் நகத்துக்குள் போனது. உடுப்புத் தோய்க்கும் லோண்டரித் தொட்டியில் குனிந்து சத்தி எடுத்தேன். பாத்திரம் கழுவும் திரவத்தால் மூன்று தரம், எலுமிச்சம்பழத்தால் இரண்டு தரம் தேய்த்தேன். சீ, சனியன் போனது என்று வாய்விட்டுச் சொன்னதும் நினைவிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு முழுவதையும் அந்தச் செத்த பிராணிகள்மேல் கொட்டினேன். அவை என்ன செய்தன? வெளிச்சத்துக்குக் கீழே இருந்தன, ஓடித் தப்பக் கால் இல்லை.

இப்போது நீ கேட்ட லைட்டுக்கு வருகிறேன். கேட்டது அதைத்தானே. உன் செய்தி வந்த மறுநாளே டண்டினொங்கில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குப் பஸ் எடுத்துப் போனேன். உள்ளே போனால் இரவு விடுதி மாதிரிக் கருநீல வெளிச்சம். ஒவ்வொரு பவளமும் பச்சையும் செம்மஞ்சளுமாக மின்னுகிறது, ஒவ்வொன்றுக்கும் படப்பெயர் மாதிரி ஒரு பெயர். தாடிக்காரர் ஒருவர் வந்து என்ன வேண்டும் என்றார். முதலில் வெள்ளை லைட்டைப் போட்டுக் காட்டு என்றேன். அப்படிக் காட்டும் வழக்கம் இல்லை என்றார். நான் என் போன் டோர்ச்சைக் கண்ணாடியில் வைத்து அடித்தேன். அந்தத் தங்கப் பச்சை எல்லாம் பழைய பிண்ணாக்கு நிறம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மங்கல் அறையில் வைத்துக் காட்டுகிற வேலை இது. நீலம் கெட்டதில்லை, பவளத்துக்கு மிகவும் தேவைப்படுவதே நீலம்தான். ஆனால் நீலத்துக்குக் கீழ் மட்டும் காட்டி விற்பவனிடம் எதையும் வாங்காதே. வெள்ளையில் ஒருதரம் பார்த்து, நிறம் கொஞ்சம் மட்டாக இருந்தாலும் நன்றாக விரிந்து நிற்பதை எடு. பிறகு அந்த மனிதர் ஒரு லைட்டைத் தூக்கி வைத்து, கடையிலேயே வலுக் கூடியது இதுதான், இதை வாங்கினால் சாகும்வரை மாற்றத் தேவையில்லை என்றார். யார் சாகும்வரை என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை.

எனக்கு உண்மையைச் சொன்னவர், தொட்டித் தண்ணீரில் கரைக்க வாளி நிறைய உப்பு வாங்கிக்கொண்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு வியட்நாம் பெண். வெளியில் கார் தரிப்பிடத்தில் அரைமணி நேரம் நின்று சொல்லித் தந்தார். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். வெளிச்சத்தை வைத்து அந்தப் பாசி சமைக்கும், பவளம் சாப்பிடும். வெளிச்சம் திடீரென்று அளவுக்கு மிஞ்சினால் சமைக்கிற பாசியே நஞ்சாகிவிடும். பவளம் அதை வெளியில் துப்பிவிடும். துப்பினபின் சோறு போட ஆளில்லாமல் வெள்ளையாக வெளுத்துப் பட்டினியில் சாகும். பல நாள் இருட்டில் கிடந்து, உடம்பு வெளிச்சத்தையே மறந்த பவளத்துக்கு அது இன்னும் மோசம். அவர் இதைச் சும்மா பொதுவாகத்தான் சொன்னார். நான் எங்கள் வீட்டு ஆறு நாளைத்தான் விரலில் எண்ணினேன்.

ஆகவே கேள். கடையில் எத்தனை வாட் என்று சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே, அது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று மட்டும்தான் சொல்லும். பவளம் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு வெளிச்சம் போய்ச் சேருகிறது என்று அளக்க ஒரு மீற்றர் இருக்கிறது. விலை கூடிய சாமான், வாங்காதே, பவளம் வளர்ப்பவர்களின் சங்கங்களிலும் சில கடைகளிலும் இரண்டு நாளைக்கு வாடகைக்குத் தருவார்களாம். முதல் வருடம் காளான் மாதிரி இருப்பது, பொத்தான் மாதிரி விரிவது, விரல் மாதிரி நிற்பது, இந்த மெத்தென்ற வகைகளை மட்டும் வை. அவற்றுக்கு நடுத்தர வெளிச்சம் போதும், மீற்றரில் ஐம்பதுக்கும் நூறுக்கும் இடையில் காட்டினால் தாராளம். கல் மாதிரி இறுகிய வகைகள் வெயிலில் நிற்பவை, அவற்றின் படத்தைக் காட்டி உனக்குப் பெரிய லைட்டைத் தலையில் கட்டுவார்கள். மலிவென்று ஒன்றும் கூட்டிக் குறைக்க முடியாத லைட்டையும் வாங்கிவிடாதே. வெள்ளையும் நீலமும் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடியது, காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்கும் ரைமர் உள்ளது, உன் இரண்டடி நீளத்துக்கும் மூலை இருட்டாகாமல் பரவக்கூடியது, அப்படி ஒன்று போதும்.

பூட்டும்போது தண்ணீருக்கு ஓரளவு மேலே தொங்கவிடு. உப்புத் தெறித்தால் லைட் அரித்துப்போகும். வயரைச் சுவிட்சுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலே கொண்டுபோ, அப்போதுதான் வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். மெரிலேண்ட்ஸ் வீட்டின் மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் தொட்டியை வைக்காதே. துளசி அந்த இடம் வடிவு என்று சொல்வாள், கோடையில் தொட்டி ரசமாகக் கொதிக்கும். முதல் கிழமை லைட்டின் முழு வலுவில் மூன்றிலொரு பங்குதான். பிறகு கிழமைக்குக் கொஞ்சமாக ஏற்று, ஒரு மாதம், ஒன்றரை மாதம் எடுக்கட்டும். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம், தினமும் அதே நேரம். நிறம் மண்ணிறமாகப் போனால் வெளிச்சம் காணாது, வெளுத்தால் கூடிவிட்டது. அப்போதும் குமிழில் பாயாமல் அந்தப் பவளத்தை நிழலுக்கு நகர்த்து. ஆளில்லாத அறையில் லைட் எதற்கு என்று ஊரிலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் போகிற வழியில் சுவிட்சை நிறுத்துவோம். உன் மாமியார் வந்து நிற்கும்போதும் நான் வரும்போதும் அந்தச் சுவிட்சின்மேல் ஒரு கண் வைத்திரு. விருந்தாளி வந்தால் தொட்டி மங்கலாகவே இருக்கட்டும். பார்க்கத் தெரிந்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள், தெரியாதவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இத்தோடு நிறுத்தலாம் என்று பார்த்தேன். ஆனால் குமிழைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் இன்னொரு பித்தலாட்டம். நான் வாயை மூடிக்கொண்டதோடு விடவில்லை. அந்தக் கதையைப் பகிடியாக்கினேன். நீ ஏதாவது சாமானைத் தூக்கினால், “கவனம், தொட்டியை அவிச்ச கை” என்பேன். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பொய்யை ஆயிரம் தரம் சொன்னால் அது எனக்கே உண்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. ஆகவில்லை. ஒவ்வொரு தரமும் தெரிந்துகொண்டேதான் சொன்னேன். போன வருடம் உன் கலியாண விருந்தில் துளசியின் சொந்தக்காரர்களோடு மேசையில் இருந்தபோதும் சொன்னேன். மாப்பிள்ளை கெட்டிக்காரன்தான், ஆனால் வீட்டில் மீன்தொட்டி மட்டும் வைக்க விடாதீர்கள் என்று. மேசையே சிரித்தது. பட்டு வேட்டியோடு நீ பின்னால் வந்து நின்று நீயும் சிரித்தாய். உன் கையை நீ முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் போட்டுக்கொண்டேன்.

அந்த நாளுக்குப் பிறகு நீ எதையும் கேட்காமல் தொட்டதில்லை. சொந்த வீட்டில் குளிர்சாதனத்தைப் போடலாமா, இந்தக் கோப்பையை எடுக்கலாமா, இந்தக் கதிரையில் இருக்கலாமா என்று கேட்பாய். வேலையில் பெரிய பொறுப்புத் தர முன்வந்தபோது, அதைக் கெடுத்துவிடுவேன் என்று வேண்டாம் என்றாய். எவ்வளவு பணிவான பிள்ளை என்று சனங்கள் என்னை மெச்சினார்கள். நான் அந்த மெச்சலையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். உனக்கு எழுத முன் அவருக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது. இடியப்பத்தில் சொதி விட்டுக்கொண்டிருந்தார்.

“பீற்றரின்ர தொட்டியைக் கூட்டினது தம்பி இல்லை. நான்.”

“எப்ப?”

“பாறணை அண்டைக்கு. ஆக்கள் வந்திருக்கேக்க.”

“உமக்கு அண்டைக்கே தெரியுமோ?”

“ஓம்.”

அவர் கரண்டியை வைத்தார்.

“அப்ப, நான் பிள்ளைக்குச் சொன்னது?”

“நான் குசினி வாசலில நிண்டு கேட்டனான்.”

“கலியாண வீட்டிலயும் சொல்லிச் சிரிச்சனீர்.”

“ஓம்.”

“எனக்கு உம்மட முகத்தைப் பார்க்க அருவருப்பாக் கிடக்கு” என்றார். இத்தனை வருடத்தில் என்மேல் எத்தனையோ தரம் கோபப்பட்டிருக்கிறார், அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எழும்பிப் போய்க் காருக்குள் இருந்தார். காரை எடுக்கவில்லை, சும்மா இருந்தார். நான் அவருக்குப் பின்னால் போகவில்லை. அந்தச் சொல் எனக்கு வரவேண்டியதுதான், பதினைந்து வருடம் பிந்தி வந்திருக்கிறது. அவர் உன்னோடு கதைப்பார். நீ உடனே, அப்பாவில் பிழையில்லை, அவருக்குத் தெரியாதுதானே என்று அவரைத் தேற்றத் தொடங்குவாய். தேற்றாதே. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒரு பிள்ளைக்குத் தீர்ப்புச் சொன்னவர் அவர். அதை அவர் தன் வாயால் சொல்லி முடிக்கட்டும், நீ நடுவில் புகுந்து சுருக்காதே.

என்னிடம் நீ என்ன சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். பரவாயில்லை அம்மா, சின்ன விசயம், அதையெல்லாம் நான் எப்போதோ மறந்துவிட்டேன் என்று எழுதி, இன்னொரு சிரிப்பு மூஞ்சி போடுவாய். அந்தப் பரவாயில்லையை எனக்குத் தராதே. அது உன் பெருந்தன்மை இல்லை, நான் உனக்குப் பழக்கிவைத்த பயம். அதை வாங்கிக்கொண்டால் நான் இரண்டாம் தரமும் தப்பிவிடுவேன். எனக்குப் போன் எடுத்துக் கத்து, அல்லது ஒரு வருடம் எடுக்காமல் இரு. துளசியின் ஆட்களுக்கு உண்மையைச் சொல்வது என் வேலை, வருகிற சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், சொல்லிவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிப்பேன். உன் வேலை ஒன்றுதான். உனக்கு என்மேல் கோபம் வந்தால், அம்மா, நான் கோபப்படலாமா என்று கேட்காதே. கேட்காமல் கோபப்படு.

அம்மா